அந்த இரவுகள் அவ்வளவு நன்றாகத்தான் இருந்தனவா?

வாசகர் ஒருவர் — பிப்ரவரி 3, மாலை 6.15

இளம் வயதில் இரவு விடுதிகளுக்குப் போய் ஆடியவர்கள் இங்கே சிலராவது இருப்பீர்கள். என் கருத்தைச் சுற்றிவளைக்காமல் வைக்கிறேன். கைபேசி வந்ததோடு நடனத் தளம் செத்துவிட்டது. இன்றைய பிள்ளைகள் ஆடுவதில்லை, ஆடுவதுபோல் படம் எடுத்துக்கொள்கிறார்கள். நாம் ஆடிய காலமே பொற்காலம். மறுப்பவர் உண்டா?

பிப்ரவரி 3, இரவு 10.40

மறுக்கிறேன், ஆனால் பாதி மனத்தோடுதான். 1988 முதல் 1994 வரை ஏறக்குறைய எல்லாச் சனிக்கிழமைகளிலும் நாங்கள் நால்வர் சேர்ந்து போனோம். நான், என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த தோழி, அவளுடைய அண்ணன், அண்ணனின் நண்பன். பொற்காலம் என்ற சொல்லைப் படித்ததும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். எட்டு மணிக்குக் கண்ணாடி முன் உட்காருவோம், பத்து மணிக்கு வரிசையில் நிற்போம், பதினொன்றரைக்குக் கையில் முத்திரை குத்திக்கொண்டு உள்ளே நுழைவோம். அதற்குப் பிறகு பையை வைக்க ஒரு வரிசை, பானம் வாங்க ஒரு வரிசை, காணாமல் போன ஒருவரைத் தேடி இருட்டில் இரண்டு சுற்று. ஆடியது மொத்தத்தில் ஒரு மணி நேரம் இருந்தால் அதிகம். மீதி நேரமெல்லாம் காத்திருந்தோம்.

அந்தக் காத்திருப்பிலும் சிரிப்புக்குக் குறைவில்லை. ஒருமுறை அண்ணனின் நண்பனை வாசல் காவலர் காலணியைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டார். அவன் போட்டிருந்தது வெள்ளைக் கான்வாஸ் காலணி. நாங்கள் நால்வரும் எதிரே இருந்த படிக்கட்டில் உட்கார்ந்து, விடியும்வரை அந்தக் காலணியைக் கேலி செய்து சிரித்துக்கொண்டிருந்தோம். என் கல்யாண நாள்கூட இவ்வளவு தெளிவாக நினைவில் இல்லை.

பிப்ரவரி 4, காலை 7.05

கைபேசியைப் பற்றி நேற்று எதுவும் சொல்லாமல் விட்டுவிட்டேன். படம் எடுப்பதுதான் நடனத்தைக் கொன்றது என்றால் நியூயார்க்கின் ஸ்டூடியோ 54 விடுதி பிறந்த அன்றே செத்திருக்க வேண்டும். 1977 ஏப்ரல் 26 அன்று திறந்த அந்த இடத்தின் புகழே பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் கட்டியெழுப்பியதுதான். அங்கே போனவர்களில் பாதிப் பேர் மறுநாள் செய்தித்தாளில் தங்கள் முகம் வர வேண்டும் என்பதற்காகவே போனார்கள். வேறுபாடு ஒன்றுதான்: அன்று கேமரா இரண்டு மூன்று பேர் கையில் இருந்தது, இன்று எல்லார் கையிலும் இருக்கிறது.

இன்றைக்கும் எல்லா இடமும் ஒரே மாதிரி இல்லை. பெர்லினின் பெர்க்ஹைன் விடுதியில் நுழையும்போதே கைபேசியின் கேமராக் கண்ணில் ஒட்டுத்தாளை ஒட்டிவிடுகிறார்கள். உள்ளே படம் எடுத்தால் வெளியேற்றிவிடுவார்கள். பிள்ளைகள் அதற்கும் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கிறார்கள். ஆகவே ஆடுவதில்லை என்ற குற்றச்சாட்டு நிற்காது.

பிப்ரவரி 4, இரவு 11.20

தோழியைத் தொலைபேசியில் பிடித்து எல்லாச் சனிக்கிழமைகளிலும் போனோமே என்று கேட்டேன். அவள் சிரித்த சிரிப்பில் எனக்கு வெட்கமாகிவிட்டது. மாதத்துக்கு ஒருமுறை, அதுவும் சம்பளம் வந்த வாரத்தில் மட்டும் போனோமாம். மற்ற சனிக்கிழமைகளில் துணி துவைத்தோமாம். என் முதல் குறிப்பில் இருக்கும் "எல்லாச் சனிக்கிழமைகளிலும்" என்ற பகுதியை அடித்துவிட்டதாக எண்ணிக்கொள்ளுங்கள்.

இதற்கு ஒரு விளக்கம் உண்டு. நாற்பதைத் தாண்டியவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைச் சொல்லச் சொன்னால், பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்ட நினைவுகளே மற்ற வயதுகளைவிட மிகுதியாக வருகின்றன என்று நினைவாற்றலை ஆராய்பவர்கள் பல காலமாகக் காட்டி வருகிறார்கள். வயதை வரைபடமாகப் போட்டால் அந்த இடம் ஒரு மேடுபோல் எழுந்து நிற்கும். நம் பொற்காலம் என்பது பெரும்பாலும் அந்த மேடுதான். நமக்கு முந்தியவர்களும் தங்கள் இருபது வயதைத்தான் பொற்காலம் என்றார்கள். நாம் ஆடிய இசையைக் கேட்டு அவர்கள் காதைப் பொத்திக்கொண்டதை நாம் மறந்துவிட்டோம்.

பிப்ரவரி 5, பிற்பகல் 2.30

ஆண்கள் எழுதுவதால் யாரும் தொடாமல் விட்ட ஓர் இடத்தைச் சொல்லிவிடுகிறேன்: பெண்கள் கழிவறையின் வரிசை. எனக்கு அந்த ஆறு ஆண்டுகளில் மிஞ்சியிருப்பவை பெரும்பாலும் அங்கே நடந்தவை. கதவைத் தாண்டியதும் ஓசை பாதியாகக் குறையும், குழல்விளக்கின் வெளிச்சத்தில் எல்லார் முகமும் திடீரென்று சாதாரணமாகிவிடும். உள்ளே கண்டுகொள்ளாமல் இடித்துத் தள்ளிய பெண் இங்கே நம் கூந்தலில் கழன்ற ஊசியைக் குத்திவிடுவாள். பெயர் தெரியாத ஒருத்தி என் தோளைப் பிடித்துக்கொண்டு, தன் வருங்காலக் கணவன் தன்னை மதிப்பதில்லை என்று கால் மணி நேரம் அழுதாள். நானும் பின்னால் நின்ற இருவரும் சேர்ந்து, அந்தக் கல்யாணம் வேண்டாம் என்று ஏகமனதாகத் தீர்ப்புச் சொன்னோம். அவள் முகத்தைக் கழுவி, என் உதட்டுச் சாயத்தை வாங்கிப் பூசி, எங்களைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனாள். பத்து நிமிடம் கழித்து நடனத் தளத்தில் அதே ஆளின் கழுத்தில் கையைப் போட்டுக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டவும் செய்தாள். சாயம் திரும்பி வரவில்லை.

பிப்ரவரி 6, இரவு 9.50

ஒலியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இதை விளையாட்டாக எழுத முடியவில்லை.

எண்பத்தைந்து டெசிபெல் ஓசையில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்பது அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரை. அதற்குமேல் ஒவ்வொரு மூன்று டெசிபெல்லுக்கும் நேரத்தைப் பாதியாக்கிக்கொண்டே போக வேண்டும். 88 என்றால் நான்கு மணி நேரம், 91 என்றால் இரண்டு. 100 டெசிபெல்லை எட்டும்போது மிஞ்சுவது 15 நிமிடம். விடுதியின் ஒலிபெருக்கி அருகே நூறு என்பது சாதாரணம். உலக சுகாதார நிறுவனம் 2022இல் இசை அரங்குகளுக்கென்று ஒரு நெறிமுறை வெளியிட்டது. அதில் சராசரி ஒலி 100 டெசிபெல்லைத் தாண்டக்கூடாது என்றும், காதடைப்பான் கிடைக்கச் செய்ய வேண்டும் என்றும், ஓய்வெடுக்க அமைதியான இடம் வேண்டும் என்றும் இருக்கிறது. எங்கள் காலத்தில் அமைதியான இடம் என்று இருந்தது நான் மேலே எழுதிய கழிவறை ஒன்றே.

வெளியே வந்ததும் காதுக்குள் சில்வண்டு கத்தும். ஒருவருக்கொருவர் கூச்சலிட்டுப் பேசிக்கொண்டே நடந்துபோவோம். அந்த ரீங்காரத்தை நல்ல இரவுக்கு அடையாளமாகக் கொண்டோம். ரீங்காரம் இல்லையென்றால் காசு வீண் என்று அண்ணன் சொல்வான். உட்காதில் இருக்கும் மயிர்ச்செல்கள் மனிதருக்கு ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை என்பதை எனக்குக் காது மருத்துவர் சொன்னபோது வயது நாற்பத்தாறு. நான் எப்போதும் ஒலிபெருக்கிக்கு இடப்பக்கம் கொடுத்து நிற்பேன், டிஜேயைப் பார்க்க அந்தக் கோணம் வசதி. இடக் காதில் இப்போது சில்வண்டு நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. இதை எழுதும்போதும் கத்திக்கொண்டிருக்கிறது.

பிப்ரவரி 7, காலை 6.30

டிஜேயை ஏன் பார்க்க வேண்டும் என்று கேட்கிறீர்கள். ஒரு காரணம் அவர் அழகாக இருந்தார். இன்னொரு காரணம் இசைத்தட்டைச் சுழற்றும் அந்தச் சுழல்மேசை. டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2, 1979இல் வந்தது. தட்டின் விளிம்பைச் சுற்றி நான்கு வரிசையாகச் சிறு புள்ளிகள், அவற்றின்மேல் பக்கத்திலிருந்து விழும் சிவப்பு ஒளி. தட்டு சுழலும், ஆனால் வேகம் சரியாக இருந்தால் ஒரு வரிசைப் புள்ளிகள் மட்டும் அசையாமல் நின்றுவிடும். அந்த இருட்டிலும் இரைச்சலிலும் அசையாமல் நின்ற ஒரே பொருள் அதுதான். அவர் வலப்பக்கத்து நழுவு பொத்தானை மயிரிழை நகர்த்துவார், வேகத்தை எட்டு விழுக்காடு கூட்டலாம் அல்லது குறைக்கலாம், அடுத்த இசைத்தட்டின் தாளம் ஓடிக்கொண்டிருக்கும் தாளத்தோடு பொருந்தும்வரை. பிறகு ஒரு காதில் மட்டும் ஒலிவாங்கியை அழுத்திக்கொண்டு விரல் நுனியால் தட்டின் ஓரத்தைத் தொடுவார், குழந்தையின் காய்ச்சலைப் பார்ப்பதுபோல.

திருத்தம்: ஒலிவாங்கி அல்ல, காதொலிப்பான். தூக்கக் கலக்கம்.

பிப்ரவரி 8, இரவு 10.15

"அன்று சுதந்திரம் இருந்தது" என்று எழுதியவருக்கு. யாருக்கு, எங்கே? நியூயார்க்கில் 1926இல் கொண்டுவந்த ஒரு சட்டத்தின்படி, தனி உரிமம் இல்லாத மதுக்கூடத்தில் ஆடவிடுவதே குற்றம். அது நீங்கியது 2017இல். ஜப்பானில் 1948ஆம் ஆண்டுச் சட்டம் விடுதிகளில் நள்ளிரவுக்குப் பின் நடனத்தைத் தடுத்தது. இடையில் பல காலம் கண்டும் காணாமல் விட்டாலும், சட்டத்தைத் திருத்தி விடியும்வரை ஆட வழிவிட்டது 2016இல்தான். ஆகவே பொற்காலத்தில் இல்லாத உரிமை சில இடங்களில் இன்றைய பிள்ளைகளுக்கு இருக்கிறது.

சட்டத்தைவிடப் பெரிய தடை வாசலில் நின்ற ஆள். ஸ்டூடியோ 54இல் உரிமையாளர் ஸ்டீவ் ரூபெல் தானே வெளியே வந்து, கூட்டத்தில் விரல் நீட்டி ஆள் பொறுக்குவார். 1977ஆம் ஆண்டின் கடைசி இரவில், சிக் இசைக்குழுவின் நைல் ராட்ஜர்ஸும் பெர்னார்ட் எட்வர்ட்ஸும் பாடகி கிரேஸ் ஜோன்ஸ் அழைத்துத்தான் அங்கே போனார்கள். வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டார்கள். அவர்கள் இசை உள்ளே ஒலித்துக்கொண்டிருந்த காலம் அது. வீட்டுக்குப் போய், வாசல்காரனைத் திட்டும் வசையை வைத்து வாசிக்கத் தொடங்கியது ஒரு பாட்டாகி, அடுத்த ஆண்டு அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. ரூபெலும் பங்காளி இயன் ஷ்ரேகரும் வரி ஏய்ப்புக்காக 1980இல் சிறைக்குப் போனார்கள். அந்த வாசலில் மட்டும் அவர்களை யாரும் தடுக்கவில்லை.

அதே நகரத்தில் வேறு மாதிரியும் நடந்தது. டேவிட் மன்குசோ 1970 முதல் தன் வசிப்பிடத்திலேயே அழைப்பின் பேரில் நடத்திய விருந்துகளில் மது விற்கவில்லை. லேரி லெவன் இசைத்தட்டு சுழற்றிய பாரடைஸ் கராஜ் விடுதியிலும் 1977 முதல் 1987 வரை மது விற்பனை கிடையாது. ஒலியமைப்புக்காகவும் ஆடுவதற்காகவும் வந்தவர்கள் அவர்கள். வேறு இடங்களில் ஓரங்கட்டப்பட்ட கறுப்பினத்தவரும் தன்பால் ஈர்ப்பாளரும் அங்கேதான் நிம்மதியாக ஆடினார்கள். பொற்காலம் என்று ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும் என்றால் நான் அதைச் சொல்வேன். ஆனால் நான் அங்கே இருந்ததில்லை.

பிப்ரவரி 8, இரவு 10.40

எழுதிவிட்டுத் தூங்கப் போனேன், முடியவில்லை. வாசலைப் பற்றி எழுதும்போது அந்த வெள்ளைக் காலணி உறுத்துகிறது. பிறகு எழுதுகிறேன்.

பிப்ரவரி 10, மாலை 5.00

அதற்கு முன் இன்னொன்று. தோழி பழைய படம் ஒன்றை அனுப்பியிருக்கிறாள். நாங்கள் மூவர் விடுதிக்குள் அடுக்கிவைத்த பாட்டில் பெட்டிகள்மேல் உட்கார்ந்து பல்லைக் காட்டுகிறோம். எங்கள் வெள்ளைச் சட்டைகள் ஊதா விளக்கில் நீலமாக எரிகின்றன. சலவைத் தூளில் சேர்க்கும் வெளுப்பூட்டி, கண்ணுக்குத் தெரியாத புறஊதா ஒளியை வாங்கி நீல ஒளியாக உமிழ்வதால் வரும் பகட்டு அது. துணி துவைத்த சனிக்கிழமைகளுக்கு அப்படியாவது பலன் இருந்தது. சட்டையிலிருந்து கண்ணை எடுத்துப் பின்னால் பார்த்தேன். பெட்டிகளுக்குப் பின்னே ஒரு கதவு. கதவின் மேல் "வெளியேறும் வழி" என்ற பலகை, அதன் விளக்கு எரியவில்லை.

1942 நவம்பர் 28 அன்று பாஸ்டனின் கோகனட் குரோவ் விடுதியில் தீப்பிடித்தபோது 492 பேர் இறந்தார்கள். முகப்பில் இருந்த சுழல்கதவில் கூட்டம் நெருக்கியடித்துச் சிக்கிக்கொண்டது, மற்ற கதவுகளில் சில பூட்டியிருந்தன, சில உள்பக்கமாகத் திறப்பவை. எழுபது ஆண்டுகள் கழித்து, 2013 ஜனவரி 27 அன்று பிரேசிலின் சாண்டா மரியாவில், மேடையில் கொளுத்திய வாணத்தின் பொறி கூரையில் ஒட்டியிருந்த ஒலியடக்கும் நுரையில் பட்டுப் பற்றியது. 242 பேர். பெரும்பாலோர் எங்கள் வயதுக்காரர்கள், அதாவது அந்தப் படத்தில் எங்களுக்கு இருந்த வயது. நாங்கள் ஆறு ஆண்டுகள் போய் வந்த இடத்தின் பின்கதவை மறித்த பெட்டிகள்மேல் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காததால் அது இனிய நினைவு.

பிப்ரவரி 12, இரவு 12.35

படத்தில் மூவர்தான் இருக்கிறோம் என்பதை நீங்களும் கவனித்திருப்பீர்கள். நான்காவது ஆள் படம் எடுத்திருப்பான் என்று முதலில் நினைத்தேன். தோழி அதன் பின்பக்கத்தில் தேதி எழுதியிருக்கிறாள். அது காலணி இரவு.

முதல் குறிப்பில் நான் எழுதியது பொய். பொய்யென்று தெரிந்து எழுதவில்லை, ஆனாலும் பொய். நாங்கள் நால்வரும் படிக்கட்டில் உட்காரவில்லை. காவலர் அவனை மட்டும் கையால் ஓரமாக ஒதுக்கினார். எங்களுக்கு முத்திரை குத்திவிட்டார்கள். அண்ணன் அவனைப் பார்த்து, "ஒரு பத்து நிமிடம், பார்த்துவிட்டு வந்துவிடுகிறோம்" என்றான். அவனும் தலையை ஆட்டினான். நாங்கள் உள்ளே போனோம். வெளியே வந்தபோது மணி மூன்று. படிக்கட்டில் உட்கார்ந்து சிரித்தது அதற்குப் பிறகு. அவனும் சிரித்தான்.

அதிவேகமாக அளவுக்கு மீறிக் குடித்தால் மூளையின் ஹிப்போகேம்பஸ் புதிய நினைவுகளைப் பதிவு செய்வதை நிறுத்திவிடும், பிறகு எவ்வளவு தேடினாலும் அந்த மணிநேரங்கள் கிடைக்கா. அப்படி ஒரு சாக்காவது இருந்தால் நன்றாக இருந்திருக்கும். அன்று எனக்கு வயிறு சரியில்லை, இரவு முழுவதும் சோடாதான் குடித்தேன். மூன்று மணி நேரத்தில் அவனை ஒருமுறையாவது நினைத்தேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். நினைத்தேன், கழிவறை வரிசையில், ஓசை குறைந்த இடத்தில். நினைத்துவிட்டு மீண்டும் உள்ளே போனேன்.

பிப்ரவரி 15, காலை 8.10

நேற்று அவனிடம் பேசினேன். அவனுடைய எண்ணைக் கண்டுபிடிக்க மூன்று நாளாயிற்று. பதினாறு ஆண்டுகளாக நாங்கள் பேசியதில்லை.

வெள்ளைக் கான்வாஸ் காலணியைப் பற்றிக் கேட்டேன். அப்படி ஒன்று தன்னிடம் இருந்ததே இல்லை என்றான். அந்த விடுதியில் உடைக் கட்டுப்பாடு உண்டு என்று முன்பே தெரிந்ததால், அன்று தோழியின் அண்ணனிடம் கறுப்புத் தோல் காலணியை இரவல் வாங்கிப் போட்டிருந்தானாம். ஓர் அளவு பெரிது, நுனியில் செய்தித்தாளைத் திணித்திருந்தானாம். அப்படியானால் காவலர் என்ன காரணம் சொன்னார் என்றேன். காரணம் எதுவும் சொல்லவில்லையாம். காலணி என்று சொன்னவர்கள் நாங்கள்தானாம், படிக்கட்டில், மூன்று மணிக்கு. "நீங்கள் அப்படிச் சொன்னது எனக்கும் வசதியாக இருந்தது" என்றான்.

மன்னிப்புக் கேட்டேன். அதை அவன் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. அந்த மூன்று மணி நேரம் எங்கே இருந்தாய் என்று கேட்டேன். கட்டடத்தின் பின்சுவரில் சாய்ந்து நின்றானாம். சுவர் மேல்சுருதி ஓசைகளையெல்லாம் தடுத்துவிடும், அடித்தாளத்தின் கனத்த அலைகளை மட்டும் ஊடுருவ விடும் என்பது ஒலியமைப்பு தெரிந்தவர்களுக்குப் புதிதல்ல. ஆகவே பாடல் எதுவும் அவனுக்குக் கேட்கவில்லை, அடித்தாளம் மட்டும் முதுகு வழியாக வந்திருக்கிறது. ஒன்று மட்டும் இன்னும் மறக்கவில்லை என்று சொல்லி, தொண்டைக்குள் முனகிக் காட்டினான்.

எந்தப் பாட்டு என்று எனக்குப் பிடிபடவில்லை. நான் உள்ளே இருந்தவள், எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கைபேசியை வலக் காதுக்கு மாற்றிக்கொண்டு இன்னொரு முறை பாடச் சொன்னேன்.